கைப்பிடிச் சுவர்

புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுத் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலையை இப்பகுதி மக்கள் நன்கு அறிவர். அதன் மேற்கு முனையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி வட்டாரத்திலும் ஓசூரிலும், இன்று மின்சார இருசக்கர வண்டிகள் பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றன. அவ்வண்டிகள் செஞ்சிக்கும் வந்துவிட்டன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு நடுவே, ஓசையும் புகையுமின்றி அவை ஓடுவதைக் காண மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அவற்றினுள் இருக்கும் லித்தியம்-அயனி மின்கலத்திற்கு ஆயுள் சில ஆண்டுகளே. அந்த ஆயுள் முடிந்தபின் அது எங்கே போகும்?

இக்கேள்வியில் ஒரு தொழிலைக் காணும் இளைஞர்கள் நம் பங்குகளில் தோன்றியிருக்கின்றனர். பொறியியல் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ சில காலம் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள். தந்தை, அண்ணன், தம்பி, மாமன் எனக் குடும்பமாகச் சேர்ந்து முதல் போட்டு, பழைய மின்கலங்களைப் பிரித்து உலோகங்களை மீட்கும் தொழிலைத் தொடங்கலாமா என எண்ணுகின்றனர். அவர்களில் சிலர் நம்மிடமும் வந்து, "சாமி, இது பாவமில்லாத தொழில்தானே? பூமியைக் காப்பாற்றுகிற தொழில்தானே?" என்று கேட்கின்றனர். வட்டிக்கடை வைக்குமுன் இப்படிக் கேட்டவரை நாம் கண்டதில்லை. எனவே கேட்கத் தூண்டிய மனச்சான்றை முதலில் பாராட்டுவோம். ஆயினும் 'ஆம்' என்று ஒரே சொல்லில் விடையளித்து, ஆசீர் வழங்கி அனுப்பிவிட இயலவில்லை.

தொழிலின் நன்மையை முதலில் சொல்லிவிடுவோம். 1991ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகை மின்கலம் இன்று நம் எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. இதற்கு வழி கண்ட அறிஞர் மூவருக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதனுள்ளே செம்பும் அலுமினியமும், பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும், லித்தியமும், வகைக்கேற்ப நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆகியனவும் உள்ளன. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண்ணைக் கிளறி அதைப் பொறுக்குவதை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. 2023இல் கின்ஷாசா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், அந்நாட்டின் செல்வத்தைப் பிறர் சுரண்டுவதை வன்மையாகக் கண்டித்தார். ஒருமுறை தோண்டியதை மீட்டு மீண்டும் பயன்படுத்துவோமானால், புதிதாகத் தோண்ட வேண்டிய தேவை அந்த அளவுக்காவது குறையும். ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பிறகு எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவர் (யோவா 6:12), மறுநாளும் அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவர். அப்படிப்பட்டவரே ஒரு துண்டும் வீணாகக்கூடாது என்று எண்ணினார்.

விடுதலைப் பயண நூலில் குழியைப் பற்றி ஒரு சட்டம் உண்டு (விப 21:33-34). ஒருவர் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் பிறருடைய மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்கு உரியவரே ஈடு கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடக்கும் உயிரற்ற கைபேசிகளை எண்ணிப் பார்த்தால், நாம் அனைவருமே மூடாத குழிகளுக்கு உரியவர்கள் என்பது விளங்கும். நாம் திறந்த குழியை மூட ஒருவர் முன்வருகிறார் என்றால் அவரைத் தடுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஆனால் மூட வந்தவர் இன்னொருவரை அதனுள் தள்ளிவிடலாகாது. நம் தயக்கம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

தளர்ந்த மின்கலம் செத்த மின்கலமன்று. அதனுள் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளே வெப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு தீயாகும். ஒன்றின் தீ அடுத்ததைத் தொடும். அணைந்தது என்று எண்ணி வீடு திரும்பிய பிறகு, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ மீண்டும் பற்றும். அதிலுள்ள மின்பகுளி ஈரத்தோடு கலந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அது தோலைச் சுடுவதோடு நில்லாமல் எலும்புவரை செல்லக்கூடியது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்திலிருந்த ஸ்கூட்டர் இரவில் தீப்பற்ற, தந்தையும் பள்ளியில் படிக்கும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். அது ஒரே ஒரு வண்டி. நூற்றுக்கணக்கான பழைய மின்கலங்களைக் குவித்து வைத்துள்ள கொட்டகையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முறையான ஆலையில் எஞ்சிய மின்னூட்டத்தை முதலில் வடித்துவிடுகின்றனர். பின்னர் காற்றுப் புகாத எந்திரத்தில் துண்டாக்கி, செம்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுக்கின்றனர். எஞ்சுவது ஒரு கரும்பொடி. கோபால்ட்டும் நிக்கலும் லித்தியமும் அதில்தான் உள்ளன. தொழில் உலகம் அதை 'பிளாக் மாஸ்' என்று அழைக்கிறது. குருத்துவக் கல்லூரியில் பயின்ற காதுக்கு அப்பெயர் சற்றுத் திடுக்கிடச் செய்வதுதான். திருப்பலியைப் பழித்து நடத்தும் சாத்தான் வழிபாட்டையும் ஆங்கிலத்தில் அப்படியே சொல்வர். இங்கே அது வெறும் கரிய பொருள்திரள், அஞ்ச வேண்டியதில்லை. அப்பொடியைக் கந்தக அமிலத்தில் கரைத்து, உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது தனியொரு பெருந்தொழில். கோடிக்கணக்கில் முதலும், வேதியியல் அறிஞரும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடும் வேண்டும். குடும்பத்தால் இது ஆகாது என்று சொல்வதற்கில்லை. நிதின் குப்தா, ரோஹன் குப்தா என்னும் சகோதரர்கள் 2008இல் தொடங்கிய அட்டெரோ நிறுவனம் இன்று ரூர்க்கியில் இதைச் செய்கிறது. ஆனால் அவர்களும் முதலில் பொதுவான மின்னணுக் கழிவில் பழகி, பின்னரே லித்தியத்திற்கு வந்தனர்.

ஆகவே செஞ்சி போன்ற ஊரில் தொடங்கும் குடும்பத்திற்கு நம் எளிய கருத்து இதுதான்: அமிலத்தின் பக்கம் போக வேண்டாம். பழைய மின்கலங்களைச் சேகரித்தல், சோதித்தல், இன்னும் வலுவுள்ளவற்றைச் சூரிய விளக்குக்கும் வீட்டு மின்சேமிப்புக்கும் தகுதிப்படுத்துதல், மற்றவற்றைப் பாதுகாப்பாகக் கட்டிப் பெரிய ஆலைக்கு அனுப்புதல் ஆகியவை சிறு முதலில் செய்யக்கூடியவை. ஆதாயம் குறைவுதான். அந்தக் குறைவை ஏற்பதா என்பதில்தான் இத்தொழிலின் அறம் முதலில் சோதிக்கப்படுகிறது.

ஏனெனில் ஆசையைத் தூண்டுவதற்குக் காரணங்கள் பல வந்துவிட்டன. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளை அறிவித்தது. மின்கலம் செய்து விற்பவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது அதன் சாரம். 2025 செப்டம்பரில், அரிய கனிமங்களை மீட்கும் மறுசுழற்சித் தொழிலுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணம் வரும் வழி திறந்ததும் கூட்டம் கூடும். கூட்டத்தோடு ஓடுபவர் எதை முதலில் கைவிடுவார்?

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் கூறுகிறார் (லூக் 14:28). நம்மவரும் கணக்கிடுகின்றனர். கொட்டகை, எந்திரம், மின் இணைப்பு, வங்கி வட்டி, கூலி. தாயின் நகையை அடகு வைத்துத் தொடங்கும் தொழிலில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணப்படும், அதில் தவறில்லை. ஆனால் அக்கணக்கில் எது கடைசி வரியாக எழுதப்படுகிறது, பணம் போதாதபோது எது முதலில் அடிக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். புகையை உறிஞ்சி வடிகட்டும் கருவி, குவியலுக்கும் குவியலுக்கும் இடையே விட வேண்டிய வெற்றிடம், தொழிலாளரின் காப்பீடு, முகக் காப்பு. "அதெல்லாம் தொழில் ஓட ஆரம்பித்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் தந்தை. மகனும் தலையசைப்பான்.

இணைச்சட்டம் இதற்கு முன்னதாகவே ஒரு விதி வகுத்துள்ளது (இச 22:8). புதிதாக வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல், அங்கிருந்து ஒருவர் விழுந்தால் இரத்தப் பழி அவ்வீட்டின்மேல் வரும். இச்சிறு சட்டத்தை நாம் அவசரமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்ப்போம். சுவரை எப்போது கட்டச் சொல்கிறது? வீடு கட்டும்போதே; யாரேனும் விழுந்த பிறகு அன்று. யாரைக் கட்டச் சொல்கிறது? வீட்டுக்காரரை. மேல்தளத்தில் நடப்பவர் கவனமாக நடக்கட்டும் என்று அது சொல்லவில்லை. நம் நாளேடுகளில் ஒவ்வொரு விபத்துச் செய்தியின் முடிவிலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற சொல் வந்து நிற்கிறதே, அந்தச் சொல்லுக்கு இச்சட்டத்தில் இடமேயில்லை. மேலும், அவ்வீடு தீய நோக்கத்தோடு கட்டப்பட்டதென்றும் சட்டம் சொல்லவில்லை. நல்ல வீடுதான். நல்ல வீட்டிலிருந்தும் விழலாம்.

இதற்கு நம் அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. பாலாற்றைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த ஏற்பாடு அது. 2015 ஜனவரி 31 அன்று, நள்ளிரவுக்குப் பின், கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த அதன் தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்த ஆலையினுள் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அச்சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் கெடுத்த தொழில் கொன்றது என்றால் வியப்பில்லை. ஆற்றைக் காக்க வந்த தொட்டியல்லவா கொன்றது! 'பசுமைத் தொழில்' என்ற பெயர்ப்பலகையை மாட்டியதும் மனச்சான்றின் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் இந்தப் பத்துப் பேரை நினைக்க வேண்டும்.

ஒப்புரவு அருள்சாதனத்தைப் பற்றி நாம் சிறுவயதிலிருந்தே கற்றுள்ளோம்: பிறருக்கு இழைத்த சேதத்தை ஈடு செய்யாமல் மனம் வருந்தியதாகச் சொல்வது நிறைவாகாது. திருடியவர் திருப்பித் தர வேண்டும்; அவதூறு சொன்னவர் நற்பெயரை மீட்டுத் தர வேண்டும். சக்கேயு நான்கு மடங்காகத் தர முன்வந்தார். ஆனால் ஒருவரின் நுரையீரலை எப்படித் திருப்பித் தருவது? அமிலம் இறங்கிய கிணற்றை எந்த நான்கு மடங்கால் ஈடு செய்வது? ஈடு செய்ய முடியாதென்றால் அக்கடமை மறைந்துவிடுமா? மறையாது, அது முன்னால் நகர்ந்து வந்து நிற்கிறது. பின்னர் திருப்பித் தர இயலாததை முன்னரே எடுக்காமலிருப்பதுதான் அங்கே ஈடுசெய்தல். உச்ச நீதிமன்றமும் பாலாற்றுத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் ஏறத்தாழ இதையே சொன்னது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், தீங்கு முழுவதும் நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை வேண்டும் என்றும், தம் செயலால் தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துபவரே என்றும் அது கூறியது. வேலூர்க் குடிமக்கள் சிலர் தொடுத்த வழக்கு நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

இனிக் குடும்பத்தைப் பற்றி. குடும்பத் தொழிலை நாம் உயர்வாகவே மதிக்கிறோம். நாசரேத்துத் தச்சுப் பட்டறையும் குடும்பத் தொழில்தான். சிக்கனமும் நம்பிக்கையும் உழைப்பும் அங்கே இயல்பாக உண்டு. ஆனால் குடும்பத்திற்கென்று ஒரு குருட்டுத்தனமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகரை அடுத்த தியாரோய்-சுர்-மேர் என்னும் இடத்தில், பழைய ஈய மின்கலங்களை உடைத்து, மண்ணில் சிந்திய ஈயத்தைச் சலித்தெடுத்து விற்கும் தொழில் வீடுகளிலும் முற்றங்களிலும் நடந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் பதினெட்டுக் குழந்தைகள் அங்கே இறந்தனர். பிள்ளைகளுக்குச் சோறு போடவே தாய்மார் அம்மண்ணைச் சலித்தனர்.

அங்கே ஆபத்து குடும்பத்திற்குள்ளேயே இருந்தது. தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரில் 2024 ஜூன் 24 அன்று எரிந்த லித்தியம் மின்கலத் தொழிற்சாலையின் கதை வேறு. அங்குச் செய்யப்பட்டவை மீண்டும் மின்னேற்ற இயலாத வகையைச் சேர்ந்தவை. எனினும் தீயின் இயல்பு ஒன்றே. இருபத்து மூவர் இறந்தனர். அவர்களுள் பதினெட்டுப் பேர் வெளிநாட்டுத் தொழிலாளர், பெரும்பாலோர் சீனர். நிறுவனத்தின் தலைவர் தந்தை; நிர்வாகத்தில் மகன். 2025 செப்டம்பரில் முதல்நிலை நீதிமன்றம் இருவருக்கும் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. குடும்பம் ஒன்று ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொண்டது. ஆபத்தைப் பங்கிட அதற்கு அயலார் தேவைப்பட்டனர்.

நம் ஊரில் அந்த அயலார் யார்? மறைக்காமல் பேசுவோம். பழைய இரும்புக் கடையில் உடைக்கும் வேலைக்கு, செங்கல் சூளைக்கு, சாக்கடை இறங்குவதற்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது வாசகர் அறிந்ததே. இப்பகுதி இருளர் மக்கள் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைத்த வரலாறும் நாம் அறிந்ததே. படித்த மகன் கணினிக்கு முன்னும், தந்தை கல்லாவிலும், பெயர் தெரியாத ஒருவர் சுத்தியலோடு கொட்டகையிலும் இருப்பார்களானால், அதற்குக் குடும்பத் தொழில் என்று பெயரிடுவதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. உழைப்பவரே முதலைவிட மேலானவர் என்று 1981ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கற்பித்தார். அதை நாம் மே முதல் நாள் மறையுரையில் கேட்பதோடு சரி. தம் மகனை முகக் காப்பின்றி நிறுத்தத் துணியாத இடத்தில் அடுத்தவர் மகனை நிறுத்தலாகாது என்பதைப் புரிந்துகொள்ள இறையியல் படிப்பு எதுவும் தேவையில்லை.

இன்னொரு சோதனையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மறுசுழற்சி செய்தவருக்கு அதற்கான சான்று கிடைக்கும். மின்கலம் விற்கும் நிறுவனங்கள் அச்சான்றை விலைக்கு வாங்கித் தம் கடமையை நிறைவேற்றியதாகக் காட்டும். பொருள் வராமலே சான்று எழுதுவது எளிது. பிளாஸ்டிக் கழிவில் இப்படி 6 லட்சத்திற்கு மேற்பட்ட போலிச் சான்றுகள் எழுதப்பட்டதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் கண்டறிந்தது. செஞ்சி விற்பனைக் கூடத்தில் தராசில் ஒரு கிலோ குறைந்தால் உழவர் கூச்சலிடுவார். இந்தத் தராசில் குறைந்தால் கூச்சலிட யாருமில்லை. அதுபோலவே, கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் வகை மின்கலங்கள் பெருகிவருகின்றன. அவற்றில் மீட்பதற்கு விலையுயர்ந்தது குறைவு. விலையுள்ளதை வைத்துக்கொண்டு விலையற்றதை ஏரிக்கரையில் கொட்டிவிடும் ஆசை கட்டாயம் வரும்.

ஏரிக்கரை என்றதும் செஞ்சியின் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. 1597இல் இங்கு வந்த இயேசு சபை அருள்பணியாளர் நிக்கோலாஸ் பிமென்டா இக்கோட்டை நகரின் பெருமையைக் கண்டு எழுதினார். 2025 ஜூலையில், மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. அக்கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் இன்றும் உள்ளன. பாறையில் வாழ்ந்தவர்கள் தண்ணீரின் அருமை அறிந்து செய்தவை. இம்மண்ணுக்கு அடியில் நீர் பாறைப் பிளவுகளில்தான் நிற்கிறது. ஒரு பிளவில் இறங்கிய நஞ்சு எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. மேலே ஓடுவதோ சங்கராபரணி. செஞ்சியாறு என்றும் சொல்வர். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரியை அடுத்துக் கடலில் சேர்கிறது. செஞ்சியில் ஒரு வாளி அமிலத்தைக் கொட்டுபவருக்கு வீடூரின் உழவர் முகம் தெரியாது. கைப்பிடிச் சுவர் அவருக்காகவும்தான்.

புதிய தொழிற்கூடங்களை மந்திரிக்க நம்மை அழைப்பது வழக்கம். வாயிலில் ரிப்பன், அலுவலக அறையில் திருஇருதயப் படம், முதலாளியின் மேசைமேல் தீர்த்தம், பிறகு தேநீர். மின்கலத் தொழிலைத் தொடங்கும் குடும்பம் நம்மை அழைக்குமானால், அலுவலக அறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வோம். முதலில் பின்புறக் கொட்டகைக்கு, உடைக்கும் மேசைக்குக் கூட்டிச் செல்லட்டும். அங்கே நிற்கப்போகிறவரின் பெயரைக் கேட்டு, அப்பெயரைச் சொல்லி மன்றாடிய பிறகு, மணல் வாளிகள் இருக்கும் இடத்தையும், கழிவுநீர்த் தொட்டியின் சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வருவோம்.